பாவாயம்மாள் நங்கையும் எஞ்சின் ரப்பரும்

சென்ற மாதம் ஒரு காலையில், சேலத்தில் என் பெண்களின் படிப்புக்காக நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் மாரப்பன் வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தலைத்துண்டைக் கையில் எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"சுத்தி வளைக்காமச் சொல்லோணும்னு பெரியம்மா அப்பவே எங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தாங்க. ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. என் கணவரின் அக்கா பாவாயம்மாள் காலமாகிவிட்டார். தம் சாவுச் செய்தியை எந்த மாதிரி சொல்ல வேண்டும் என்று ஆளைப் பழக்கி வைத்துவிட்டுப் போகக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். மாரப்பனும் நானும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம்.

காரியங்கள் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். சில விஷயங்களைக் குடும்பப் பெண் எழுதலாமா என்ற தயக்கம் இருந்ததால் என் கணவரைக் கேட்டேன். அவர், "எழுது அம்மிணி. எம்பேரை மட்டும் போட்றாத" என்றார். போடவில்லை.

கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று அழைப்போம். கல்யாணமான சில வருஷத்திலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவர் நங்கை. என் மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். சங்ககிரிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் அடுப்பு முதல் அறுவடை வரை எல்லாம் நங்கையின் கையில்தான் இருந்தது. நல்ல உயரம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவர் கோழியை விரட்டினால் பக்கத்துக் காட்டில் உழுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

நான் மருமகளாகப் போன புதிதில் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். அவருடைய சைக்கிள் தெரிந்ததுமே பெண்கள் பிள்ளைகளைச் சோளம் கொட்டி வைக்கும் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். ஊசி குத்தினால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும் என்று பயம். நங்கை ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். யாரையும் திட்டவில்லை. எரிகிற அடுப்பில் இரண்டு மிளகாய் வற்றலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். சற்று நேரத்தில் குதிர் இருமியது.

"ஆத்தா கோவிச்சுக்குவாங்க அக்கா" என்று பிள்ளையின் தாய் கெஞ்சினாள்.

"கோவிச்சா எங்கிட்ட வரச் சொல்லு. எங்க ரெண்டு பேருக்கும் முன்னமே பழக்கம்" என்று நங்கை தம் கன்னத்தைத் தடவிக் காட்டினார். அந்தத் தாயே குதிரின் மூடியைத் திறந்தாள். அன்று ஊரில் எந்தக் குதிரிலும் பிள்ளை மிஞ்சவில்லை. அம்மை வந்து போனவருக்கு ஊசி வேண்டாம் என்று அம்மை குத்துகிறவர் எவ்வளவு சொல்லியும் கேளாமல், பார்க்கிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று நங்கையும் கையை நீட்டிக் குத்திக்கொண்டார்.

என் பிரசவங்களுக்கும் அவர்தான் காவல். சேலத்து ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர், தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிக்க வைத்தார். அது சரி. கூடவே மருத்துவச்சியின் வளையல்களையும் கழற்றி அதே பானையில் போட்டார். கண்ணாடி வளையல் வெடித்ததில் அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். புது வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லி, வலியில் கிடந்த நானே அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எனக்கு மூன்றும் பெண். மூன்றாவது பிரசவத்தில் உதிரம் நிற்கவே இல்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்து நங்கையும் என் கணவரும் சேலத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எப்படியோ பிழைத்தேன். டாக்டரம்மா என் கணவரைக் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளை உண்டானால் என் உயிருக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்று சொன்னார். ஆபரேஷன் செய்துகொள்ள உடம்பில் ரத்தம் இல்லை. கருப்பைக்கு மறைப்பாகப் பெண்களே வைத்துக்கொள்ளும் ரப்பர் சாதனம் ஒன்று உண்டு, அளவெடுத்து மதராஸிலிருந்து வரவழைக்க வேண்டும், அதுவரைக்கும் இருவரும் விலகியிருக்க வேண்டும் என்றார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"அவளைக் கேட்டீங்களா?" என்றார் நங்கை.

யாரும் கேட்கவில்லை. நங்கை என் கட்டிலுக்கு வந்தார். "அம்மிணி, மத்தவங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். உனக்கு என்ன வேணும்?"

கல்யாணப் புடவையின் நிறத்தைக்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொழைச்சிருக்கோணும் நங்கை. இந்த மூணையும் நானே வளத்தோணும்" என்றேன்.

"சரி, பொழைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ரப்பருக்கு ஏற்பாடு செய்யப் போனார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பெரிய வாக்குறுதி அதுதான்.

மாமனாரிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. பேரன் பிறந்தால் பழனியில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு, அடர்ந்த தலையோடு காத்திருந்தவர் அவர்.

அப்போது யுத்த காலம். மதராஸ் பார்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர், தம் வேர் ஒன்றை இடுப்பில் கட்டினால் பிள்ளை உண்டாகாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நங்கை அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, "உங்க ஊட்டுல குழந்தைங்க எத்தனைங்க?" என்று விசாரித்தார். ஒன்பது என்றார் வைத்தியர் பெருமையாக. "அப்ப வேரை உங்க ஊட்டம்மாளுக்கே கட்டி உடுங்க, பாவம்" என்று நங்கை வழியனுப்பி வைத்தார்.

பிறகு தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். தம்பிக்கு ஒரு விரதம். பிரார்த்தனை நிறைவேறும்வரை வெளித்தாழ்வாரத்தில் தனியாகப் பாய் போட்டுப் படுக்க வேண்டும். திருச்செங்கோட்டு மலைச்சாமிக்கு என்றார்.

என் கணவர் சாதாரணமாக அக்காவை எதிர்த்துப் பேசமாட்டார். அன்று பேசினார். "அக்கா, அந்தச் சாமி பொண்டாட்டியத் தன் ஒடம்புலயே பாதியா வெச்சிருக்குது. அதுகிட்டப் போயி நான் தனியாப் படுத்துக்கறேன்னு எப்படி வேண்டறது?"

நங்கை விடவில்லை. "அப்பப் பழனியாண்டவருக்கு வெச்சுக்க. கோவணத்தோட தனியா நிக்கறவரு. அவருக்குப் புரியும்."

ஆகவே பழனிக்குக் காவடி எடுக்கும்வரை விரதம் என்று ஏற்பாடாகிவிட்டது. ஊரில் என் கணவரின் பக்தி பரவலாகப் பேசப்பட்டது. பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் அவரைக் காட்டிப் பேச ஆரம்பித்ததால் சில ஆண்கள் அவருடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் அவ்வப்போது சமையல் கட்டுக்கு வந்து தணிந்த குரலில், "காவடி எப்பக்கா எடுக்கறது?" என்று கேட்பார். "பார்சல் வந்ததும்" என்பார் நங்கை.

இந்த இடத்தில் எங்கள் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலத்தில் கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வைத்த முதல் ஆள் என் மாமனார். அதற்குத் தினம் விபூதி பூசுவார். அந்த வருஷம் பம்புக் குழாயின் இணைப்பில் இருந்த ரப்பர் வாசர் வெடித்துக் காற்று இழுத்தது. எஞ்சின் ஓடும், தண்ணீர் வராது. யுத்தத்தில் ரப்பர் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் சேலத்துக் கடைகளில் வாசர் இல்லை. மதராஸ் கடை ஒன்றுக்கு மகனைக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டு, மஞ்சள் காடு வாடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் சாப்பாடு இறங்காமல் இருந்தார்.

ஒருநாள் நானும் நங்கையும் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது மாமனார் கை கால் எல்லாம் எஞ்சின் மசியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ரப்பர் வந்துருச்சு அம்மிணி! தபால்காரன் தோட்டத்துலயே குடுத்துட்டுப் போனான். நல்ல சாமான். ஓரத்துல கம்பி வெச்சு, கிண்ணமாட்டம் வளைச்சு, பவுடரெல்லாம் போட்டு அனுப்பியிருக்கான்."

நங்கையின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"ஆனா கம்பெனிக்காரனுக்குக் கொஞ்சங்கூட அறிவில்லை. நடுவுல ஓட்டையே போடல. தண்ணி எப்படிப் போகும்? நாந்தான் கத்தியில வெட்டி மாட்டுனேன்."

நங்கை கிணற்றடிக்கு நடந்தார், நானும் பின்னால் ஓடினேன். அங்கே தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூடி நின்று அந்த ரப்பரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அது எந்தக் கடையில் கிடைக்கும், தனக்கும் ஒன்று தருவிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். நங்கை எல்லாரையும் அவரவர் காட்டுக்கு விரட்டினார்.

"அப்பா, அது எஞ்சினுக்கு வந்ததில்லீங்க. உங்க மருமவ உசுருக்கு வந்தது."

"உசுருக்கா?" மாமனார் பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை எங்க மாட்டறது?"

"அதைக் கேக்காதீங்க."

எஞ்சின் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நங்கை தகப்பனாரின் காதருகே போய், நாங்கள் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னொண்ணு உண்டானா இவ இருக்க மாட்டாளுங்கப்பா" என்ற கடைசி வார்த்தை மட்டும் எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. மாமனார் துண்டை எடுத்துக் கை மசியைத் துடைத்தார். பேரனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் மஞ்சள் காட்டுப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மகனைக் கூப்பிட்டார். தோட்டத்தில் திருட்டு நடமாட்டம் இருக்கிறது, இனி மகன் தோட்டத்துச் சாளைக் குடிசையில்தான் படுத்துக் காவல் காக்க வேண்டும், துணைக்குத் தாமும் வருவதாகச் சொன்னார். எங்கள் காட்டில் அதுவரை ஒரு மஞ்சள் கிழங்குகூடக் களவு போனதில்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுவதும் மாமனார் தடியை மடியில் வைத்துக்கொண்டு, வராத திருடனுக்காக மகனைக் காவல் காத்தார். மகன் தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "எங்கடா போற?" என்பாராம்.

கூச்சம் பார்க்காமல் நங்கை மறுபடியும் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு எழுதிப் போட்டார். இந்த முறை தபால்காரரை நங்கையே ஊர் எல்லையில் வழிமறித்தார். பார்சல் வந்த செய்தி எப்படியோ எட்டியதும் தோட்டத்தில் திருட்டு ஒழிந்துவிட்டதாக மாமனார் அறிவித்தார். என் கணவர் காவடி எடுத்தார். அவரோடு மாமனாரும் பழனிக்குப் போய், வேண்டுதல் பலிக்காமலே முடியிறக்கிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் தலையில் சூடு என்றார்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக நங்கையைத் தேடி வந்தார்கள். நங்கை எல்லாரையும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "உனக்கு என்ன வேணும்?" பிள்ளை வேண்டும் என்றவளை வாழ்த்தி அனுப்புவார். கொஞ்ச காலம் வேண்டாம் என்றவளை, பல்வலி என்று வீட்டில் சொல்லச் சொல்லி வண்டியில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போவார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் ஏன் இப்படிப் பல் கெடுகிறது, தண்ணீரில் ஏதோ கோளாறு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஊரையே வண்டியேற்றியவர், தமக்கு நெஞ்சு வலிக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு முகம் வாடியிருந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்குது, போ" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அவர்மேல் இருக்கிறது.

மாரப்பனோடு நானும் பிள்ளைகளும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றமெல்லாம் பெண்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நாங்கள் குடங்களோடு கிணற்றுக்குப் போனோம். அங்கே மாமனார் தள்ளாடிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நின்றார். மகளுக்குத் தாமே தண்ணீர் எடுத்துத் தருவேன் என்று பிடிவாதம். மாரப்பன் சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் இருமிவிட்டு ஓடியது, தண்ணீர் பாய்ந்தது. என் கண் தானாகக் குழாயின் இணைப்புக்குப் போயிற்று. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, கடை கடையாக வாசர் தொங்குகிற இந்த நாளிலும் மாமனார் அந்த ரப்பரை மாற்றவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. துக்கத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். மாமனார் மட்டும் நான் பார்த்த இடத்தைத் தாமும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பொருளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், கண்ணீர் வழியும் முகத்தோடு கிட்டே வந்தார்.

"இன்னும் ஒரு சொட்டு ஒழுகுல அம்மிணி" என்றார்.

குடம் நிரம்பியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் மூன்று பெண்களும் ஆளுக்கொரு சொம்போடு பின்னால் வந்தார்கள். நங்கை, நீங்கள் பிழைக்க வைத்த கையால்தான் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். போய் வாருங்கள்.