மங்கையர்க்கரசி நிறுத்திய சர்க்கரை

தாய்மாமன் முத்துக்குமாருக்கு அக்காளைக் கட்டுவதா, தங்கையைக் கட்டுவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. மூத்தவள் மங்கையர்க்கரசிக்கே முடிவானது. சின்னவள் ரேணுகாம்பாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுவருடம் அவளை வேலூரில், சொந்தமில்லாத ஒரு பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தார்கள். தங்கையின் அந்த இரண்டு நாள் பட்டினியை நினைத்து மங்கை வெகுகாலம் உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

மகள் காயத்ரிக்கு நோய் வந்ததோடு அந்தப் பெருமை போயிற்று. பள்ளி விட்டு வந்ததும் காயத்ரி தறியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பட்டுச் சேலையின் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். பதினான்கு வயதில் அவள் கை திடீர் திடீரென்று வெட்டியிழுத்தது. நாடா எகிறி, பட்டு இழைகள் அறுந்தன. "கவனம் எங்கடி இருக்குது?" என்று மங்கை முதுகில் இரண்டு வைத்தாள். வகுப்பில் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே மேரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பு சர்க்கரையைக் கிளைகிளையாகக் கோத்து, கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. அதைச் சீராக வைக்கும் ஒரு புரதம் காயத்ரிக்குப் பழுது. கிளைகள் கோணலாக நீண்டு, கரையாமல், மூளை செல்களில் உருண்டைகளாகத் தங்கிவிடுகின்றன. நோயின் பெயர் லாஃபோரா. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் இது வரும். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு அதிகம். வலிப்பைக் குறைக்க மாத்திரை உண்டு. நோயைத் தீர்க்க இன்னும் மருந்து இல்லை.

மங்கை காதில் சர்க்கரையும் சொந்தமும் மட்டும் விழுந்தன. சொந்தத்தை இனி அறுக்க முடியாது. சர்க்கரையை நிறுத்தலாம். நிறுத்தினாள். பிறகு சோற்றையும் பாதியாக்கினாள். காயத்ரி மெலிந்தாள்; வலிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

மே மாதம் ரேணு மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். அவள் மகள் அனு, காயத்ரி வயதுதான், பத்தாவதில் பள்ளி முதல். காயத்ரி கையில் எடுத்த துண்டை மங்கை பிடுங்கினாள்.

"விஷத்த குடுக்கிறியா ரேணு?"

"ஒரு துண்டுக்கா!"

"உம் பொண்ணு நல்லா இருக்குதுன்னு காட்டிக்கினு போவ வந்தியா?"

ரேணு டப்பாவை மூடினாள். காயத்ரிதான் பேசினாள். "எனக்குப் பசிக்குதும்மா. ஆறு மாசமாப் பசிக்குது."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு ரேணுவும் அனுவும் கூடவே வந்தார்கள். எடையைப் பார்த்ததும் மேரி டாக்டரின் முகம் மாறியது. "அந்த உருண்டை நீங்க போடற சக்கரையில வரலம்மா. செல்லே செய்யிது. பட்டினி போட்டா சக்கரை இறங்கி வலிப்புதான் கூடும். எல்லாரையும் போல சாப்பிடட்டும்."

மங்கை தலை நிமிரவில்லை. ஆறு மாதம் நோய்க்காகவா நிறுத்தினாள்? அனு எதைத் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லையே என்ற எரிச்சல் அதில் எவ்வளவு? அவளுக்கே தெரியவில்லை.

கேன்டீனில் ரேணு கேசரியும் பொங்கலும் வாங்கினாள். காயத்ரியின் கை வெட்டியது. கேசரி அனுவின் சுடிதாரில் தெறித்தது.

"ஏய், ஆரஞ்சு கலர்ல பூ புட்டாவா? டிசைன் நல்லாத்தான் இருக்குது!" என்றாள் அனு.

காயத்ரி வாய்விட்டுச் சிரித்தாள். அனு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாயை ஊட்டினாள். மகள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மங்கைக்கு வயிறு எரிந்தது.

"குடு, நான் ஊட்டறேன்."

"வேணாம்மா," என்றாள் காயத்ரி. "நீ ஊட்டுனா எத்தன வாய்னு எண்ணிக்கினே இருப்ப."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று மங்கைக்குத் தெரியவில்லை. தட்டில் பொங்கல் தீர்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய், வரிசையில் நின்று, இன்னொரு தட்டு வாங்கி வந்தாள். அதை அனு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.