அஜித்தா வாசித்த பக்கம்

அஜித்தாவுக்கு உடுப்பில் பெரிய நாட்டம் கிடையாது. இரண்டு கறுப்புக் காற்சட்டை, நாலைந்து சட்டை, ஒரு மழைக்கோட்டு. அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ரயிலேறி ஓல்ட்கேட் ஈஸ்டில் இறங்குவாள். அங்கே ஒரு மாடியில் ஆறு பேர் மட்டும் வேலை செய்யும் பிஆர் நிறுவனத்தில் அவள் வரவேற்பு மேசைக்காரி. மற்றவர்கள் தயாரிக்கும் பொருட்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதவைப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில்.

தொலைபேசியை எடுப்பதும் தபாலைப் பிரிப்பதும் போக, அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாதாமாதம் வரும் ஃபேஷன் இதழ்களைப் புரட்டி, தங்கள் வாடிக்கையாளரின் பெயர் வந்த பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பவேண்டும். முதல் சில மாதங்கள் இயந்திரம்போலச் செய்தாள். பிறகு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் கைப்பையை விட்டுவிட்டு அந்தக் கைப்பையைப் போடலாம் என்று முடிவெடுத்தது யார்?

விடை இதழின் முன்பகுதியிலேயே இருந்தது. பொடி எழுத்தில், அங்கே வேலை செய்பவர்களின் பெயரும் பதவியும் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாதம் இருந்த பெயர் மறுமாதம் இல்லை. அடியில் கிடந்த ஒரு பெயர் ஒரு வருடத்தில் ஏழு வரி மேலே ஏறியிருந்தது. போனவர் எங்கே போனார், ஏறியவர் என்ன எழுதி ஏறினார் என்று தேடத் தொடங்கினாள். அலுவலகத்தில் வீசப்போன பழைய இதழ்களைப் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அம்மா மேரிறோஸ் வரவேற்பறைத் தரையில் பரவிக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உடுப்பு வாங்கப் போறியோ?"

"இல்லையம்மா. ஆக்களின்ர பேர் பாக்கிறன்."

"பேர் பாக்கிறதுக்கு இவ்வளவு புத்தகமோ?" என்றுவிட்டு அம்மா அவற்றைத் தாண்டிச் சமைக்கக் குசினிக்குப் போனார்.

அந்த வசந்தத்தில் நிறுவனத்துக்கு ஒரு கடினமான வாடிக்கையாளர் வந்தார். நாள் முழுக்க நிற்பவர்களின் காலை இறுக்கிப் பிடித்து வலியைக் குறைக்கும் நீளக் காலுறை அவர்களுடைய பொருள். பார்க்க மருந்துக்கடைச் சாமான் போலவே இருக்கும். ஆனால் ஃபேஷன் இதழில்தான் வரவேண்டும் என்று கேட்டார்கள். அதைப் பொறுப்பெடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பிரீத்தா. ஒரே இதழுக்கு ஐந்து மின்னஞ்சல் அனுப்பியும் அவருக்குப் பதில் இல்லை.

தேநீர் போடும் இடத்தில் அவர் அதைச் சொல்லிச் சலித்துக்கொண்டபோது அஜித்தா சொன்னாள்.

"அக்கா, நீங்கள் எழுதின ஆள் போன ஒக்டோபரிலயே விலகிட்டா. இப்ப அந்தப் பக்கம் நவோமி எண்ட ஆளிட்ட இருக்கு."

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. பெயர்ப்பட்டியல்ல இருந்தது."

"அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?"

"நான் வாசிக்கிறன்."

பிரீத்தா கோப்பையைக் கீழே வைத்தார். நவோமியைப் பற்றி இன்னும் என்ன தெரியும் என்று கேட்டார். நவோமி எழுதிய குறிப்புகளில் எப்படியோ கால் வந்துவிடும் என்றாள் அஜித்தா. கலியாண வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள், தாதிகளின் சப்பாத்து, படிக்கும் காலத்தில் ஒரு கடையில் ஒன்பது மணிநேரம் நின்றது.

"அப்போ நீயே எழுது," என்றார் பிரீத்தா.

அஜித்தா ஆறு வரி எழுதினாள். மூன்றாம் நாள் நவோமியே தொலைபேசியில் வந்தார். நின்றுகொண்டே வேலை செய்யும் மூன்று பெண்கள் இரண்டு வாரம் அந்தக் காலுறையைப் போட்டுப் பார்த்து உள்ளதைச் சொல்லவேண்டும். இருவரைத் தான் பிடித்துவிட்டதாகவும், ஒருவரை அவளால் தரமுடியுமா என்றும் கேட்டார்.

அஜித்தா தேடப்போகவில்லை. அம்மா மேரிறோஸ், ஹை ஸ்ட்ரீட் நோர்த் தெருவில் ஒரு சேலைக்கடையில் பதினொரு வருடமாக நிற்பவர். இரண்டு வாரம் முடிந்ததும் அவர் சொன்னார்:

"முதல் நாள் காலைச் சிறையில போட்ட மாதிரி இருந்தது. அஞ்சாம் நாள் வீட்ட வந்து நேர குசினிக்குப் போய் நிண்டு சமைச்சனான். கால் நீட்டி இருக்கோணும் எண்டே நினைக்கேல்ல."

அதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. அஜித்தா எழுதிக்கொண்டாள். அனுப்பும் நேரம் கை நின்றுவிட்டது. இதைச் சொன்னவர், சம்பளம் வாங்கி அந்தக் காலுறையைப் பரப்புகிறவளின் தாய் என்று வாசிப்பவருக்குத் தெரியுமா? அம்மாவோ படம் எடுப்பார்கள் என்று மயில்நீலச் சேலையை மடித்து வைத்திருந்தார். மறுநாள் காலை நவோமியை அழைத்து உண்மையைச் சொன்னாள்.

"அப்படியென்றால் உங்கள் அம்மாவைப் போட முடியாது," என்றார் நவோமி. "வேறு யாராவது?"

எல்லாம் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்திருந்த அஜித்தாவுக்கு அப்போதுதான் அம்மாவின் கடையில் வேலை செய்யும் சுலோச்சனாவின் நினைவு வந்தது. மேரிறோஸின் புகழ்ச்சியைக் கேட்டு, மேலதிகமாகக் கிடந்த ஒரு சோடியை அவரும் வாங்கிப் போட்டிருந்தார். அம்மாவோடு வேலை செய்பவர் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "நானே அவரோடு பேசுகிறேன்," என்றார் நவோமி.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"சரி," என்றார் மேரிறோஸ், சேலையை அலுமாரிக்குள் வைத்தபடி. கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "என்ர காலை விட அவவின்ர கால் வடிவோ?"

"அப்பிடி இல்லையம்மா. நீங்கள் என்ர அம்மா, அதுதான் பிழை."

அம்மா சிரித்துவிட்டார்.

செப்டெம்பரில் பக்கம் வந்தது. சேலை அடுக்குகளுக்கு முன்னால் சுலோச்சனா நிற்கும் படம். கீழே அவர் சொன்னது: "வெயில் நாளில் முழங்காலுக்குக் கீழே அரிக்கிறது. ஆனாலும் கழற்றமாட்டேன்." அரிக்கிறது என்ற சொல்லைப் பார்த்துக் காலுறை நிறுவனத்தார் கொதித்துப்போய் அழைத்தார்கள். பிரீத்தா அரை மணிநேரம் பொறுமையாகப் பேசினார். இரண்டாம் வாரம் அவர்களே மறுபடி அழைத்து, கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்றும், அரிக்கும் மேல்விளிம்பின் துணியை மாற்றப்போவதாகவும் சொன்னார்கள்.

நவோமி ஒருநாள் அஜித்தாவைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். "எனக்கு இதை அனுப்பலாம் என்று எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். அஜித்தா அந்தப் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நவோமி வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். தான் காலைப் பற்றி இத்தனை தடவை எழுதியிருப்பது அவருக்கே தெரியாது.

புதுவருடத்தில் வரவேற்பு மேசைக்கு வேறொருவர் வந்தார். அஜித்தாவுக்குப் பிரீத்தாவின் பக்கத்தில் இடமும், சொந்தமாக இரண்டு வாடிக்கையாளரும் கிடைத்தார்கள். சேலைக்கடையில் சுலோச்சனாவை அடையாளம் கண்டு காலுறை பற்றி விசாரிப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர் வாயைத் திறக்குமுன் மேரிறோஸ் பதில் சொல்லிவிடுகிறார்.