நான் அழித்த படம்

புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயம் தரம் பிரிக்கும் ஷெட்டில் எனக்கு எதிரே நின்று வேலை செய்த சீனப் பெண், தன் நாட்டில் படம் எடுத்தவள் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் குடியிருந்த ஒடாஹுஹுவிலிருந்து இருவரும் என் காரில்தான் போய் வருவோம். ஷெட்டில் வேலை செய்த மற்றத் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்பாள். மிச்சமெல்லாம் அரைகுறை ஆங்கிலம்.

ஒரு மதிய இடைவேளையில் காருக்குள் மடிக்கணினியைத் திறந்து அதைக் காட்டினாள். அவள் பிறந்த தெருவை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக இடித்த ஆறு வருடங்கள். நடிகர்கள் இல்லை. கூரை போன சமையலறையில் அவளுடைய அண்ணன் நின்றபடி நூடில்ஸ் சாப்பிடுகிறார். கமரா அவரை விட்டு மெல்ல நகர்ந்து சுவர், புகை, ஆறு என்று போய்க்கொண்டேயிருக்கிறது.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டேன். பழைய சீன ஓவியங்கள் சிலது நீளச் சுருளாக இருக்குமாம். வலப்பக்கத்திலிருந்து ஒரு முழம் ஒரு முழமாக விரித்துப் பார்க்க வேண்டுமாம். பார்த்த மலை ஒரு கையில் சுருண்டு மறைய, மற்றக் கையில் அடுத்த மலை வரும். மை படாமல் விட்ட இடம் வெறும் இடமல்ல, அது மூடுபனி, தண்ணீர். கமராவை அப்படி நகர்த்தத்தான் பழகினேன் என்றாள். பிறகு அந்த ஆற்றை நான் வேறுவிதமாகப் பார்த்தேன்.

நூலகத்து அறையொன்றை ஒரு சனிக்கிழமைக்குப் பதிவு செய்தோம். படம் ஆட்கள் முன்னால் ஓடப்போவது அதுதான் முதல் தடவை. கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டியது நான்.

அந்த நோட்டீஸை யாரோ போனில் பிடித்து அவளுடைய ஊர்வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். திரையிடலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளுடைய அண்ணி போனில் பேசினாளாம். அண்ணனை வேலையிடத்தில் இரண்டு தரம் அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அப்படி ஒரு படமே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் மடிக்கணினியோடும் இரண்டு டிரைவ்களோடும் என் வீட்டுக்கு வந்தாள்.

"என்னால் முடியவில்லை, அக்கா. நீங்கள் அழியுங்கள்."

திரையிடலை மட்டும் நிறுத்துவோம், ஒரு பிரதி என்னிடம் இருக்கட்டும் என்றேன். இருந்தால் ஒருநாள் யாருக்காவது காட்டிவிடுவேன் என்றாள். வாசலில் நின்ற என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "நீ செய்து குடு. அந்தப் பிள்ளையாலை ஏலாது."

சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் வீட்டிலும் சோதனைச் சாவடிக்குப் பயந்து தம்பியின் படங்களை அடுப்பில் போட்டிருக்கிறோம். பிறகு அவனே காணாமல் போனான். இப்போது நினைத்துப் பார்த்தால் அவனுடைய கண்ணும் வாயும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை. அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றிலும் அழித்தேன். பச்சைக் கோடு நிரம்பி முடியும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அண்ணனுக்கு வேலையும் போனது. வேலைக்குப் போகும் வழியில், மோட்டர்வேயில் வைத்து அதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அக்கா, எனக்குத் தெரியாமல் நீங்கள் ஒன்று வைத்திருக்கிறீர்களா?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கையுறையை மாட்டத் தொடங்கினாள். ஷெட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.