தெருவில் ஒட்டிய நாற்காலி

தனி ஆளாகவே நாற்காலி ஒட்டிவிடலாமாம்!

இன்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு தம்பி ஆறு கிளாம்ப் வைத்து இறுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறார். (கொடுத்து வைத்தவர்!)

எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான கையோடு அவருக்குப் பம்பாயில் வேலை, எனக்குக் கோவில்பட்டியில் வேலை. வாடகை வீட்டில் நான் மட்டும்.

புருஷன் ஊரில் இல்லாத பெண் என்று தெருவே என்னிடம் தள்ளி நின்றுதான் பேசும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் குரலே எனக்கு மறந்துவிடும். பொய்யில்லை.

அப்படி ஒரு ஞாயிறு காலையில் அவருடைய நாற்காலியின் கால் கழன்றுவிட்டது. நானே ஒட்டுவது என்று வச்சிரப் பசை வாங்கி வந்தேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வச்சிரம் காய்ச்சுகிறவர். என் ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நின்றபடியே கிளாஸ் எடுத்தார்.

"தங்கச்சி, பழைய பசைய நல்லாச் சுரண்டுங்க. அது மேல புதுசு பிடிக்காது. மொதல்ல பசையில்லாம மாட்டிப் பாருங்க."

மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது.

"இப்ப வச்சிர டப்பாவ வெந்நிக்குள்ள வச்சு உருக்குங்க. துளைக்குள்ள தடவி, காலச் சொருகி, கயித்தச் சுத்தி குச்சி வச்சு முறுக்கணும். ஆறிச்சுன்னா போச்சு!"

காலைப் பிடித்தால் கயிறு நழுவுகிறது. கயிற்றைப் பிடித்தால் கால் சாய்கிறது. இரண்டு கை போதவில்லை.

"அண்ணாச்சி, உள்ள வந்து ஒரு கை பிடிங்களேன்!"

அவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரு ஊர்ல இல்லைல்லா... நான் உள்ள வந்தா நல்லாருக்காது. உங்க மதினியும் எட்டயபுரம் போயிருக்கா."

அதற்குள் பசை இறுகிவிட்டது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"நீங்க உள்ள வரக் கூடாது, சரி. நாற்காலி வெளிய வரலாம்லா?"

இறுகின பசையைச் சுரண்டி, வச்சிரத்தைத் திரும்பச் சூடாக்கி, எல்லாவற்றையும் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தேன்!

தெருவில் என்றால் தப்பில்லையாம். அண்ணாச்சி காலைப் பிடித்தார். பால்கார அக்கா கயிற்றை முறுக்கினார். கரிசல் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்ததும் ஒரு பெரியம்மா முந்தானையை விரித்து மறைத்தார். மூலைக்கு மூலை நூல் பிடித்துக் கோணல் பார்த்தோம்.

"வழியுத பசைய ஈரத்துணிய வச்சு இப்பவே தொடைங்க. காஞ்ச பொறவு சுரண்டுனா தழும்புதான்!"

துடைத்தேன். ஒட்டின இடமே தெரியவில்லை.

"காயிற வரைக்கும் அசைக்கப்பிடாது," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார்.

ஆடு முட்டிவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

"என்னம்மா, நாற்காலிக்குக் காவலா?"

"சாப்பிட்டியாம்மா?"

"வீட்டுக்காரர் எப்ப வாராரு?"

ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பூவே கட்டி முடித்துவிட்டாள். அத்தனை மாதமாக யாரும் என்னிடம் அத்தனை பேச்சுப் பேசியதில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து காலை ஆட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பிடிச்சிட்டு தங்கச்சி. உள்ள தூக்கிட்டுப் போங்க."

நானும் தொட்டுப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் காயட்டுமே, அண்ணாச்சி" என்றேன்.