மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய கோயில்

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையின் போட்டோவோடு ஒரு கோயில் படமும் தபாலில் வந்தது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தது. வானத்தைக் குத்தும் இரண்டு கூர்க்கோபுரங்கள், நடுவில் வட்ட ஜன்னல், வாசலைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய புனிதர்கள். ‘இது போர்ட் பிளேயரில் எங்கள் கோயில். கல்யாணம் இங்கேதான். வரும்போது படத்தை மறக்காமல் கொண்டுவரவும்’ என்று மாமியார் எழுதியிருந்தார். எவ்வளவு பக்தி என்று வியந்தோம்.

அறுபதுகளில் தூத்துக்குடிப் பக்கம் அந்தமானுக்குப் பெண் கொடுப்பதைப் பாழுங்கிணற்றில் தள்ளுவதாகத்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டர். சர்க்கார் வேலைக்கே மசியாத என் அப்பா இந்தப் படத்துக்கு மசிந்தார். தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் ஆசை விழுந்தது, மறைப்பானேன்? மாப்பிள்ளை முகத்தைவிட அந்த வாசலைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த வாசல் படிகளில் இழுபட வேண்டும் என்றே முக்காட்டை நீளமாகத் தைத்தேன்.

மாப்பிள்ளை வந்து அழைத்துப்போக லீவு கிடைக்காததால் பெண்ணைக் கப்பலேற்றிக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பாவும் நானும் மெட்ராஸில் ஏறி நாலாம் நாள் இறங்கினோம். மறுநாள் கோயிலைக் காட்டினார்கள். தகரக் கூரை, பலகைச் சுவர். சிலுவை இல்லாவிட்டால் கொப்பரைத் தேங்காய் அடுக்கும் கிட்டங்கி என்றே நினைத்திருப்பேன்.

“படத்துல உள்ளது எங்க?” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “அரே, அது வெளிநாட்டுக் காலண்டர்ல வெட்டுனது. இங்க நம்ம ஆளுக எல்லாரும் பொண்ணு வீட்டுக்கு அதைத்தான் அனுப்புவோம். படம் பொண்ணோட திரும்பி வந்ததும் அடுத்த வீட்டுக்குக் குடுத்துருவோம். கோயில் கோயில்தானே, க்யா ஃபரக், என்ன வித்தியாசம்?”

வந்த கப்பலிலேயே திரும்பிவிடலாம் என்று அப்பாவிடம் அழுதேன்.

“ஏட்டி, ஊரு பூரா படத்தக் காட்டிட்டனே. இப்பம் திரும்பிப் போனா எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?”

என் முகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கல்யாணத்தன்று பேய்மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் சாமியார் கேட்டது எதுவும் என் காதில் விழவில்லை. உதடு அசைவு நின்றதும் சம்மதம் என்றேன். அப்பா ஊருக்குப் போய், கோயில் படத்தைவிடப் பெரிது என்று சொன்னாராம். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சில வருடங்களில் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தார்கள். படம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது, பிறகு மணப்பாட்டில் பெண் வீட்டுக்குப் போனது. அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டாள். ‘அக்கா, கோயில் நிஜமாவே இப்படித்தான் இருக்குமா? நீங்க சொன்னா நம்புறேன்.’

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு, ‘ஆமாம், இப்படித்தான் இருக்கும்’ என்று எழுதிப் போட்டேன். மாமியாருக்குப் பயந்து எழுதினேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது பொய். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் ஏமாந்தவளாக இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் வந்தாள். கோயில் வாசலில் நின்று தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். கொழுந்தன் சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினான். அவள் அவனைக் கவனிக்கவில்லை, என் பக்கம் திரும்பினாள்.

“ஒங்ககிட்ட மட்டுந்தானக்கா கேட்டேன்” என்றாள்.