மாவு அவர்கள் வீட்டில், சட்டி என் வீட்டில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தத் துறைமுகத்துக்கு எந்தக் காகிதம் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. இப்போது கோவில்பதாகையில் எங்கள் தெருக்காரர்கள் ஆதார் திருத்தத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் என் கதவைத் தட்டுகிறார்கள். பலகாரத்துக்கு யாரும் தட்டியதில்லை. அதில் நியாயம் உண்டு. ஒண்டிக்கட்டையான என் சமையலறையில் ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம், ஒரு தோசைக்கல். தீபாவளி என்றால் கடைப் பெட்டி.

பக்கத்து வீட்டுக்காரியின் ஒரே மகன் ராணுவத்தில் இருக்கிறான். போன வருடம் ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போனான். போன கொஞ்ச நாளிலேயே இங்கே அவன் அப்பா நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லீவு கிடைத்து, விமானம் மாறி மாறி அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்கு இருந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் என்னிடம் வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்க்குப் பார்சல் அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என்ன கனம் போகலாம், எதை வைக்கக் கூடாது, எத்தனை நாளுக்கு முன்னால் கட்ட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன அனுப்புவது என்பதுதான் சிக்கல் என்றாள்.

பையன் போனில் அதிரசம் கேட்டிருக்கிறான். அம்மா கையால். ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும் வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பண்டிகை வந்தால் மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆவடி பேக்கரிகளில் மாவும் சர்க்கரையும் நெய்யும் கொடுத்தால் பிஸ்கட் போட்டுத் தருவார்கள், அதில் சட்டிப் பேச்சே இல்லை என்று நான் வழி சொன்னேன்.

"பிஸ்கட்டு அங்கியே கெடைக்கும்க்கா. அப்பன் மொகத்தத்தான் பாக்காம பூட்டான். வாய்க்கு இதுவாவது போய்ச் சேரட்டும்னு பாக்கறேன்" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்த விதியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். எந்த விதியையும் அதன் வாசகத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் தொழில் தர்மம். அந்த வீட்டில் சட்டி வைக்கக் கூடாது. சரி. அதிரசத்துக்கு அரிசி ஊறவைப்பது, மாவு இடிப்பது, வெல்லப்பாகு காய்ச்சுவது, கிளறி மூடி வைப்பது எல்லாம் சட்டிக்கு முந்தைய வேலை. பாகு காய்ச்சுவது சமையல். சட்டி ஏறினால்தான் பலகாரம். ஆகவே மாவு அவர்கள் வீட்டில், சட்டி என் வீட்டில். என் வீட்டில் யாரும் சாகவில்லை. சாவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

மறுநாள் சொன்னேன். அவள் கண் பளபளத்தது. உடனே அணைந்தது. நாத்தனார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

நாத்தனார் என்றால் இறந்துபோனவரின் அக்கா. மண்ணூர்பேட்டையில் இருக்கிறார். குடும்பத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதற்கு அவர்தான் உச்ச நீதிமன்றம். ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வாதம் முழுவதையும் வெற்றிலை மென்றபடி கேட்டார்.

"ஆபீசரம்மா சட்டம் பேசுது" என்றார் தம்பி மனைவியைப் பார்த்து. பிறகு என்னிடம் திரும்பினார். "செத்தவன் என் தம்பி. எனுக்குத் தெரியாத சட்டமா உனுக்குத் தெரியும்?"

தெரியாது என்றேன். அலுவலகத்தில் கூட அவ்வளவு சீக்கிரம் நான் இறங்கியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். அப்புறம் பையன் போனில் என்னதான் சொன்னான் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுந்து போய் வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நான் வேற ஊட்டுக்குக் கட்டிக் குட்த்த பொண்ணு. எனுக்கு அந்த வருசக் கணக்கு கெடையாது. சட்டி நான் பாத்துக்கறேன். ஆனா அடுப்பு நீதான் பத்த வெக்கணும், ஆபீசரம்மா. மொத அதிரசம் நீதான் போடணும். உன் ஊட்டுப் பலகாரமா அது எறங்கணும். அவ கை எண்ணெகிட்ட வரக் கூடாது."

"உருண்டை பிடிக்கலாமா?" என்றேன்.

"புடிக்கட்டும். புள்ளைக்கு அம்மா கை படணும்ல."

மேல்முறையீட்டில் இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.

மாவு புளித்துப் பதமானதும் ஒரு பிற்பகலில் மூவரும் என் சமையலறையில் கூடினோம். சட்டி, இரண்டு ஜல்லிக்கரண்டி, வாழையிலைத் துண்டு, எண்ணெய் எல்லாம் மண்ணூர்பேட்டையிலிருந்து வந்தன. தாளிக்கும் கரண்டிக்கு மேல் பெரிதாக என்னிடம் எதுவும் இல்லை என்பதை நாத்தனார் அலமாரியைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் தரையில் சம்மணமிட்டு, ஏலக்காயும் சுக்கும் மணக்கும் மாவை உருட்ட ஆரம்பித்தாள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். உருண்டையை வாங்கி, இலையில் வைத்துத் தட்டினேன். அது ஒரு பக்கம் தடித்தது, மறு பக்கம் கிழிந்தது. எண்ணெயில் போடுகையில் பயத்தில் கையை இழுத்தேன். அது மடிந்துகொண்டு விழுந்தது. ஒரு பக்கம் கறுத்து மேலே வந்தது.

நாத்தனார் கரண்டியில் தூக்கிப் பார்த்தார். "இன்னாது இது, எர்ம மிதிச்சா மாரி கீது."

சுவரோரம் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றதெல்லாம் நாத்தனார் சுட்டார். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து அடுக்க அடுக்க, அவ்வளவும் வட்ட வட்டமாக, ஒரே நிறத்தில். என் கோணலை நான் ஓரம் தள்ளினேன். அதையும் டப்பாவில் வைக்கச் சொன்னார். முதலில் இறங்கியது முதலில் போக வேண்டுமாம்.

கட்டும் வேலை என்னுடையது. சூடு முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் அடுக்கி, இடைவெளிகளில் பொரி போட்டு நிரப்பினேன். அட்டைப்பெட்டி, டேப்பு, அதன் மேல் வெள்ளைத் துணி, தையல். அதற்குள் அவள் பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் ஆப்பிரிக்கா என்று எழுதப் போனாள். பிடுங்கினேன். ராணுவத் தபாலுக்குப் பெயர், எண், படைப்பிரிவு, படைத்தபால் எண். அவ்வளவுதான். நாடு எழுதக் கூடாது.

"நாடே எழுதலன்னா எப்டிக்கா போவும்?"

"அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வைத்தவர்களுக்குத் தெரியும்."

தபால் நிலையத்தில் எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு கைப்பேசியில் பார்சலின் நிலையைப் பார்ப்பது எனக்குப் பூசைபோல ஆனது. டெல்லி வரை போனதாக ஒரு வரி வந்தது. அதற்கு அப்புறம் அந்த வரி நகரவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மையும்கூட. சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

தீபாவளி வந்தது. முறைப்படி நாத்தனார் பலகாரம் கொண்டுவந்தார். தெருவும் கொண்டுவந்து கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள், எதையும் வாயில் வைக்கவில்லை. பையனிடமிருந்து போனும் இல்லை.

நான்கைந்து நாள் கழித்து, நாத்தனார் எனக்கும் பலகாரம் கொண்டுவந்து என் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், அவள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். வீடியோவில் பையன். கறுத்திருந்தான். டப்பா தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிட்டதாம். இவன்தான் சிக்னல் இல்லாத இடத்துக்கு டியூட்டி போயிருந்தான். திரும்பி வந்து பிரித்ததும் பஞ்சாபிக்காரனும் மலையாளியும் ஆளுக்கு ஒன்றாக எடுத்து, பொரியைக்கூட விடவில்லை என்றான். பிறகு டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். கோணல், கறுப்பு.

"மாவு உன் கைம்மா. மொத வாயிலியே தெரிஞ்சிச்சி. சுட்டது அத்த. இத்த யாரு சுட்டது?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் அகப்பட்டவளைப் போல. அவன் சிரித்துக்கொண்டே அதைக் கடித்து, எங்கள் முன்னாலேயே முழுக்கத் தின்றான். "சூப்பரா கீது, பெரிம்மா" என்றான்.

அவன் அம்மா, மேசையில் நாத்தனார் வைத்திருந்த பலகாரத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு ஓய்வூதியம் உண்டு, நல்ல கண் உண்டு, எல்லா நடைமுறையும் தெரியும். பெரியம்மா என்று கூப்பிட அதுவரை ஆள் இருந்ததில்லை. யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்பதற்கு மட்டும் நடைமுறை தெரியாமல் முழித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருடம் அவர்கள் வீட்டில் தடை இல்லை. வருடம் திரும்பிவிட்டது. பையன் இப்போது வடக்கே ஏதோ பனிமலையில் இருக்கிறான். முகவரியில் இடம் கிடையாது, எண் மட்டும்தான். போன வாரம் கதவு தட்டப்பட்டது. இடுப்பில் மாவுத் தூக்கோடு அவள், பின்னால் சட்டியோடு நாத்தனார். உங்கள் வீட்டிலேயே சட்டி வைக்கலாமே என்றேன், விதி தெரிந்தவள் என்பதால்.

"வெக்கலாம்க்கா. ஆனா பையன் கோணலா ஒண்ணு கேக்கறான்" என்றாள்.

அடுப்பைப் பற்றவைத்தேன்.