தேன்மொழி நடந்த வழி படத்தில் விழ வேண்டும்

என் பெரிய பேரன் பாலிடெக்னிக் முடித்து நல்ல வேலையில் இருக்கிறான். பெரிய பேத்தி நர்ஸ். கடைக்குட்டி பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. நடுவில் பிறந்த தேன்மொழி, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ரோடு வரைய வழி பண்ணினாள். ஐந்தாவது வரை படித்த நான் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் போன் வந்தது. என் மகன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்தான். "தேனு பூட்டாம்மா" என்றான்.

அவளோடு வேலை பார்த்த பிள்ளைகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை லீவுக்கு வந்தவள், கம்ப்யூட்டர் எங்கள் ஊர் ரோட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டதென்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்தேன். நடுநடுவே மஞ்சள்.

"அது மக்காச்சோளம்டி. களத்துல இடம் இல்லன்னா ரோட்டுலதானே கொட்டிக் காய வெக்கிறோம்."

"அய்யோ ஆயா! மூணு நாளா மண்டைய ஒடச்சிக்கினு கீறேன். உன்னைய ஆபீசுல சேத்துக்கணும்."

"சேத்துக்கோ. மத்தியானம் தூங்க வுடுவாங்களா கேளு."

அப்படிச் சிரித்தாள்.

படம் இரண்டு விதமாம். ஒன்று நம் கேமரா மாதிரி. மேகம் வந்தால் மறைந்துவிடும். இன்னொன்று ரேடார், மேகத்தைத் தாண்டிப் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். "ஒண்ணு பாக்கும் ஆயா, இன்னொண்ணு தடவிப் பாக்கும். ரெண்டையும் சேத்தாதான் ரோடு" என்பாள்.

மலையில் அந்த இரண்டுமே ஏமாற்றின. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். வழியை மரங்கள் மூடியிருந்ததால் ஒரு படத்தில் ஒன்றுமே இல்லை. மற்றதில் ஓடையும் வழியும் ஒன்றாகத் தெரிந்தன. நேரில் பார்க்கப் போனபோது நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். உங்கள் ஊருக்கு வழியே இல்லை என்கிறது படம் என்று தேனு சொன்னதும், ஜீப் போய் நின்ற இடத்தில் தலையில் விறகோடு இறங்கி வந்த ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்க இன்னா, பறந்தா வந்தோம்? புள்ள வலி வந்தவள இதுலதான் பாப்பா தூக்கிக்கினு எறங்குறோம். படத்துல இல்லன்னுதான் ஒரு வண்டியும் வர மாட்டேங்குது."

தேனு போனில் வழியைப் பதியவிட்டு, முழுத் தூரமும் நடந்து ஏறினாள். சாயந்திரம் நனைந்து இறங்கி வந்தவள், "இத கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றாள். அதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அவள் நடந்த வழி அந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறதென்று நீங்கள் சொன்னீர்கள். போன் இதுவரை என் தலையணைக்கடியில் இருந்தது. "ஆயா, சாப்ட்டியா" என்று அவள் பேசி அனுப்பியது அதில் இருக்கிறது, தினமும் கேட்பேன். இப்போது மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். மலைச் சேறு காய்ந்த அவள் செருப்பை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். யாரையும் கழுவ விடவில்லை.

உங்கள் குரூப்பில் அவள் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, கண்ணுகளா. அந்த ஊர் வழி கோடாக விழுந்த புதுப் படம் ஒன்று போடுங்கள்.